மூன்று மாதச் சராசரி சொல்லாதவை

அவையோர்க்கு வணக்கம்.

சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 7 சதவீதம் என்று அறிக்கை வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. நாள் முழுக்க சர்க்கரை சீராக இருந்தவருக்கும் 7 வரும். பகலில் 250-க்கு ஏறி, இரவில் 60-க்கு இறங்கி அல்லாடியவருக்கும் அதே 7 வரும். இருவர் வாழ்வும் ஒன்றா?

இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களை அதிகம் வாட்டுவது தாழ்சர்க்கரை பயம், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுமோ என்ற பயம். ஒருமுறை நள்ளிரவில் வியர்த்து, நடுங்கி விழித்தவர், மறுநாள் முதல் படுக்கும்முன் வேண்டுமென்றே கூடுதலாகச் சாப்பிடுவார். ஊசி அளவைத் தானே குறைப்பார். சர்க்கரை ஏறும். அதைக் கட்டுப்பாடின்மை என்று திட்டுகிறோம். அது பயம், ஐயா!

அந்தப் பயத்துக்கு மருந்து, தெளிவான செய்முறை. அளவு 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் உடனே உதவாது, குளுக்கோஸேதான் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். இரவில் இது திரும்பத் திரும்ப வந்தால், படுக்கும்முன், அதிகாலை 3 மணிக்கு, விழித்தவுடன் என்று சில நாள் அளவெடுத்து எழுதிக் கொண்டுபோங்கள். எந்த வேளை மருந்தை மாற்றுவது என்று மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உறக்கம் கெட இன்னொரு காரணமும் உண்டு. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இரவில் நான்கு முறை எழுந்தவர் காலையில் சோர்ந்துகிடப்பதைச் சோம்பல் என்பது அநியாயம்.

ஊசியை ஒரே இடத்தில் போட்டால் தோலடியில் கொழுப்புக் கட்டிபோலத் தடிக்கும். அங்கே வலி குறைவு என்பதால் கை அங்கேயே போகும். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் சேரும். காரணமே புரியாமல் சர்க்கரை ஏறி இறங்கும். விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். இடம் மாற்றியதும் அதே அளவு மருந்து கூடுதலாக வேலைசெய்து சர்க்கரை இறங்கக்கூடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மனச்சலிப்புக்கும் அளவுகோல் உண்டு. சர்க்கரை நோய் தரும் மனச்சுமையை அளக்கும் ‘பெய்டு’ என்ற 20 கேள்விப் படிவத்தில் 100-க்கு 40-ம் அதற்கு மேலும் வந்தால், நோயைச் சுமப்பதே அவரை நசுக்குகிறது என்று பொருள். அவருக்கு இன்னொரு கட்டுப்பாட்டைச் சொல்லி அனுப்பாதீர்கள். தினம் செய்யும் வேலைகளில் எது அதிகம் அழுத்துகிறது என்று கேட்டு, முதலில் அதை எளிதாக்குங்கள்.

கால் எரிச்சலையும் தாம்பத்தியக் குறைபாட்டையும் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அறிக்கையை நீட்டுவதற்கு முன்பே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.