ஆம்புலன்ஸில் துப்பாக்கி வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். 108 ஆம்புலன்ஸில் பதினோரு வருடம் மருத்துவ உதவியாளராக ஓடியவன் நான். இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எந்த வகுப்பாக இருந்தாலும் கடைசி நாளில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "சார், போற இடத்துல நம்மள அடிக்க வந்தா என்ன பண்றது? அமெரிக்காவுல ஆம்புலன்ஸ்காரங்க துப்பாக்கி வெச்சுக்கலாமாமே, நமக்கும் கொடுத்தா என்ன?" இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வராது. நானும் அடி வாங்கியிருக்கிறேன், அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

வேண்டாம் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். ஏன் என்று கேட்டால் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்வேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். ஒருத்தர் குடித்துவிட்டு வீட்டில் எல்லாரையும் அடிக்கிறார், தலையில் ரத்தம் என்று அழைப்பு. கிராமத்துக்குள் வண்டி நுழையும்போதே கூட்டம். வாசலில் நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆள், கையில் மண்வெட்டிக் காம்பு. எங்கள் பைலட் அண்ணன், ஆமாம், வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்றுதான் சொல்வோம், "இறங்காதப்பா, போலீஸ் வரட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. அது என் தப்பு, இன்றைக்கு வகுப்பில் முதல் பாடமே அதுதான்: இடம் பத்திரமா என்று பார்க்காமல் கால் வைக்காதே. நான் பையோடு இறங்கினேன், அவர் வீசிய காம்பு என் தோளில் விழுந்தது. இரண்டாவது வீச்சுக்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் அவரை அமுக்கிப் பிடித்துவிட்டார்கள்.

கிட்டே போனால் சாராய வாடையே இல்லை. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, தொட்டால் உடம்பு சில்லென்று இருக்கிறது. மனைவியிடம், "அம்மா, இவருக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, காலையில மாத்திரை போட்டாரு, மத்தியானம் சாப்பிடவே இல்ல, வயல்லயே கிடந்தாரு." விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு வெறும் 34. அந்த அளவில் மூளைக்குத் தீனி கிடையாது, மனுஷன் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்வான். நாலு பேர் பிடித்துக்கொள்ள, எப்படியோ நரம்பைப் பிடித்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றினேன். சில நிமிடம்தான். எழுந்து உட்கார்ந்தார், சுற்றிலும் பார்த்தார், "ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர்தான் அடித்தார் என்று அவருக்கே தெரியாது. மாத்திரையால் இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

இப்போது என் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். இருட்டு, ஆறடி தூரம், இரண்டாவது அடி இறங்குகிறது. நான் எடுத்திருப்பேன். நல்லவன், பயிற்சி பெற்றவன் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் நிற்காது, எடுத்திருப்பேன். அவர் குடிகாரர், ஆம்புலன்ஸ்காரரை அடிக்க வந்தவர் என்ற பேரோடு செத்திருப்பார்.

எங்கள் மேல் கை ஓங்குபவர் பல சமயம் எங்கள் நோயாளிதான். சர்க்கரை இறங்கியவர், தலையில் அடிபட்டவர், வலிப்பு நின்று இன்னும் தெளியாதவர், மூச்சுக்காற்று போதாமல் திமிறுபவர், குடியைத் திடீரென்று நிறுத்தி இரண்டு நாள் ஆனவர். அப்புறம், பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா. இவர்களில் யாரைச் சுடுவது?

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கேயும் பெரும்பாலான ஆம்புலன்ஸ் சேவைகள் பணியில் துப்பாக்கிக்கு அனுமதி தருவதில்லை. டெக்ஸாஸில் 2021-இல் ஒரு சட்டம் வந்தது, சிறிய ஊர்களில் பயிற்சி முடித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று. போலீஸ் வந்து சேரவே ரொம்ப நேரமாகும் ஊர்கள் அங்கே உண்டு, அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2017-இல் நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் ஒருவன் ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஏறி, அந்த வண்டியாலேயே அதில் வேலை பார்த்த பெண்ணை ஏற்றிக் கொன்றான். கையில் இருக்கும் வண்டியையே பறிக்க முடிகிறது என்றால், இரண்டு கையாலும் நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டு குனிந்திருப்பவரின் இடுப்பிலிருந்து துப்பாக்கியைப் பறிப்பது எவ்வளவு சுலபம்! 2022-இல் அதே நகரத்தின் குயின்ஸ் பகுதியில், இருபது வருடத்துக்கும் மேல் ஆம்புலன்ஸ் சேவையில் வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியை, தெருவில் போய்க்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாதவன் பாய்ந்து குத்திக் கொன்றான். துப்பாக்கியைத் தொடக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது. 2024-இல் மினசோட்டாவின் பர்ன்ஸ்வில்லில் ஒரு வீட்டு அழைப்புக்குப் போன இரண்டு போலீஸ்காரர்களோடு ஒரு பாராமெடிக்கும், அதாவது எங்களைப் போன்ற மருத்துவ உதவியாளரும், சுடப்பட்டுச் செத்தார். ஆயுதம் ஏந்துவதே தொழிலாக உள்ளவர்களையே அது காப்பாற்றவில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். 2023 மே மாதம் கேரளாவில் கொட்டாரக்கரா தாலுகா ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வயது பெண் மருத்துவரைக் கத்திரிக்கோலால் குத்திக் கொன்றவனைக் கூட்டி வந்ததே போலீஸ்தான். போலீஸ் அங்கேயே இருந்தும் நடந்தது. அவனைத் தனியாக உட்கார வைத்து, அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கத்திரிக்கோலை வைத்து, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு இருந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போலீஸ் வந்து இடத்தைச் சரிபார்க்கும்வரை காத்திருந்தால் உள்ளே இருப்பவர் செத்துப்போவாரே என்று கேட்பீர்கள். உண்மைதான். 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் குண்டடிபட்ட ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் உதவி வராமலே இறந்தார். அதற்கு அங்கே பிற்பாடு கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது: வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் தொடங்கியது அது. குண்டு துளைக்காத அங்கியும் ஹெல்மெட்டும் போட்ட மருத்துவ உதவியாளர்கள் நடுவில், சுற்றிலும் ஆயுதத்தோடு போலீஸ், எல்லாரும் ஒன்றாக உள்ளே போவது. துப்பாக்கி பிடிப்பவர் அதை மட்டும் பார்ப்பார், ரத்தத்தை நிறுத்துபவர் அதை மட்டும் பார்ப்பார்.

நம் ஊருக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலே எழுதி வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், அதனால் வேகமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று வருடத்துக்குக் குறையாத, பத்து வருடம் வரை நீளும் சிறை. அடி வாங்கியவர் புகார் கொடுக்கப் போனால் மேலதிகாரியும் கூடவே போக வேண்டும், சமாதானமாகப் போங்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது. முன்பு தகராறு நடந்த வீட்டுக்கு அழைப்பு வந்தால் அது வண்டியில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், போலீஸ் கூடவே கிளம்ப வேண்டும். திமிறுபவரைக் காயப்படுத்தாமல் பிடிக்கிற பயிற்சி வருடா வருடம் வேண்டும். இரவுப் பணிக்கு மூன்றாவது ஆள்... இதை விளக்க நேரம் இல்லை.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். 108-க்குப் போன் செய்யும்போது அங்கே அடிதடி நடக்கிறது, ஒருத்தர் கையில் கட்டை இருக்கிறது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், சொன்னால் வண்டி வராதோ என்று பயப்படாதீர்கள். அப்புறம், வீட்டில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால் எடுத்த எடுப்பிலேயே அதையும் சொல்லிவிடுங்கள். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.