ஆல்பம் பெயருக்கு டிரேட்மார்க்: எங்கே சிக்குகிறது, எப்படி வழி கண்டுபிடிப்பது

[திரையில்: ஓர் ஆல்பம் அட்டை. அதன் மேல் 'பதிவு மறுக்கப்பட்டது' என்ற முத்திரை விழுகிறது.]

ஆல்பம் பெயரை டிரேட்மார்க்காகப் பதிய நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பெயரை ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா? யாரும் இல்லை என்று தெரிந்ததும் விண்ணப்பம் போய்விடும். மாதங்கள் கழித்துப் பதில் வரும். எந்தப் பெயரோடும் மோதவில்லை, ஆனாலும் பதிய முடியாது என்று அதில் இருக்கும். கட்டணம் திரும்ப வராது.

இந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கப்போகிறோம். அது புரிந்தால் எதற்கு விண்ணப்பிக்கலாம், எதற்குக் கூடாது என்பது பாதி தெளிந்துவிடும்.

[திரையில்: இரண்டு கட்டங்கள். 'இது யாருடையது?' 'இது எது?']

ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று காட்டுவது டிரேட்மார்க்கின் வேலை. ஆல்பத்தின் தலைப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. 'ஏழாம் மழை' என்று கற்பனையாக ஓர் ஆல்பத்தை வைத்துக்கொள்வோம். கேட்கிறவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது அதன் பின்னால் எந்த நிறுவனம் இருக்கிறது என்று சொல்லவில்லை. எந்தப் படைப்பு என்று சொல்கிறார். அதனால்தான் அமெரிக்கச் சட்டத்தில் 'தனிப் படைப்பின் தலைப்பு' டிரேட்மார்க் ஆகாது. 1958-இல் ஒரு புத்தகத் தலைப்பு பற்றிய தீர்ப்பில் இது நிலைபெற்றது; 2002-இல் குறுக்கெழுத்துப் புத்தகம் ஒன்றைப் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. இசைப்பதிவுக்கும் அதே விதிதான்.

காரணம் நியாயமானது. பதிப்புரிமை ஒரு நாள் முடியும். டிரேட்மார்க்கைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. பதிப்புரிமை முடிந்த படைப்பை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், ஆனால் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்றால் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

இந்த மறுப்பு மிகக் கண்டிப்பானது. பொதுவாக ஒரு சொல் பலவீனமாக இருந்தால், நீண்ட காலம் பயன்படுத்தி மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது என்று காட்டித் தப்பிக்கலாம். அல்லது இத்தகைய பலவீனமான பெயர்களுக்கென உள்ள துணைப் பதிவேட்டில் இடம் கேட்கலாம். தனிப் படைப்பின் தலைப்புக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. ஆல்பம் எவ்வளவு பிரபலமானாலும் நிலை மாறாது.

[திரையில்: ஒரே அட்டை, வினைல், சிடி, டவுன்லோடு, ஸ்ட்ரீமிங் என நான்கு வடிவங்களில்.]

இங்கே பலரும் ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்: "வினைலாகவும் சிடியாகவும் டவுன்லோடாகவும் வெளியிட்டிருக்கிறோம், மூன்று பொருள் ஆயிற்றே." ஆகாது. உள்ளடக்கம் ஒன்றுதான் என்றால் வடிவம் எத்தனை மாறினாலும் படைப்பு ஒன்றுதான். ஒரே படைப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டாலும் அப்படியே.

தொடராக இருந்தால் கதை வேறு. ஒரே பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு படைப்புகள் வெளிவந்திருக்க வேண்டும். 'ஏழாம் மழை – தொகுதி 1', 'ஏழாம் மழை – தொகுதி 2', இரண்டிலும் பாடல்கள் வேறு வேறு. அப்போது 'ஏழாம் மழை' என்ற பகுதி தொடரின் பெயராகிறது, அதைப் பதியலாம். அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகம் கேட்கும் சான்று எளிமையானது: இரண்டு அட்டைகள், இரண்டு பாடல் பட்டியல்கள், இரண்டும் விற்பனையில் இருப்பதைக் காட்டும் பக்கங்கள். இரண்டாம் தொகுதி "வரப்போகிறது" என்ற அறிவிப்பு போதாது. தொகுதி 1-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அவசரப்படுகிற விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

இதில் ஒரு மறைவான பள்ளமும் உண்டு. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, 'பயன்படுத்த உத்தேசம்' என்ற அடிப்படையில் அமெரிக்காவில் விண்ணப்பிக்கலாம். அது தனிப் படைப்பின் தலைப்பா என்று, விண்ணப்பத்தை ஆராயும் அலுவலகப் பரிசோதகருக்கு அந்தக் கட்டத்தில் தெரியாமல் போகலாம். விண்ணப்பம் சுமுகமாக நகரும், மற்றவர்கள் எதிர்க்க வாய்ப்பு தருவதற்காக வெளியிடப்படும், அனுமதி அறிவிப்பும் வந்துவிடும். பிறகு 6 மாதத்தில் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். நீட்டிப்புகளோடு மொத்தம் 36 மாதம் வரை போகலாம். அந்தச் சான்றாக ஆல்பம் அட்டையை அனுப்பும் நாளில்தான் மறுப்பு வரும். நடுவில் வந்த அனுமதி அறிவிப்பை நம்பி டூர் விளம்பரம் அச்சடித்துவிடாதீர்கள்.

[திரையில்: பேண்ட் பெயர் ஒருபுறம், ஆல்பம் பெயர் மறுபுறம்.]

சரி, எதைப் பதியலாம்?

எங்கள் கணிப்பில், கையில் இருக்கும் பணத்தில் முதல் விண்ணப்பம் பேண்ட் பெயருக்கு, அதுவும் நேரடி இசை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேச நைஸ் வகைப்பாட்டில் அது 41-ஆம் வகுப்பு. நிகழ்ச்சி என்பது சேவை. அதை யார் தருகிறார் என்பதைப் பெயர் காட்டுகிறது. தலைப்புச் சிக்கல் இங்கே வராது. சுவரொட்டியோ, தேதியும் இடமும் போட்ட நிகழ்ச்சிப் பக்கமோ சான்றாகப் போதும்.

9-ஆம் வகுப்பில், அதாவது இசைப்பதிவுகளுக்கும் டவுன்லோடுகளுக்கும், கலைஞர் பெயரைப் பதிவது இன்னும் கொஞ்சம் கடினம். இரண்டு ஆல்பமாவது வெளிவந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. பதிவுகள் யாரிடமிருந்து வருகின்றன என்று காட்டும் அடையாளமாக மக்கள் அந்தப் பெயரை அறிகிறார்கள் என்பதற்கு விளம்பரங்கள், விமர்சனங்கள், ரசிகர் பக்கங்கள் போன்ற சான்று வேண்டும். அல்லது பதிவின் தரத்தைக் கலைஞரே கட்டுப்படுத்துகிறார் என்று காட்ட வேண்டும். 1983-இல் 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் இசைக்குழுவின் பெயர் பற்றிய வழக்கு இந்தத் தரக்கட்டுப்பாட்டு வாதத்தின் மீதுதான் நின்றது. லேபிளோடு போடும் ஒப்பந்தத்தில் இறுதி மாஸ்டருக்கு, அதாவது வெளியீட்டுக்குத் தயாரான மூலப்பதிவுக்கு, ஒப்புதல் தரும் உரிமை உங்களிடம் இருந்தால், அந்தப் பத்தியைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்த இடத்தில் கைகொடுக்கும்.

அடுத்த வழி, ஆல்பம் பெயரை ஆல்பத்துக்கு வெளியே கொண்டுபோவது. டி-ஷர்ட் 25-ஆம் வகுப்பு, போஸ்டரும் ஸ்டிக்கரும் 16-ஆம் வகுப்பு. டி-ஷர்ட்டைப் பொறுத்தவரை 'ஏழாம் மழை' தனிப் படைப்பின் தலைப்பு அல்ல. அந்த மறுப்பு பொருந்தாது. பெரிய கலைஞர்களின் ஆல்பம் பெயர்களில் 'பதிவு செய்யப்பட்டது' என்று காணப்படுபவற்றை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். எந்தப் பொருளுக்கு என்ற வரியில் பெரும்பாலும் துணிமணி இருக்கும்.

[திரையில்: டி-ஷர்ட்டின் மார்பில் பெரிய எழுத்து. பிறகு கழுத்து லேபிள் நெருக்கத்தில்.]

துணிமணிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது: 'வெறும் அலங்காரம்' என்ற மறுப்பு. பெயர் மார்பு முழுக்கப் பெரிதாக இருந்தால், வாங்குகிறவர் அதை அலங்காரமாகத்தான் பார்க்கிறார், தயாரித்தவரின் அடையாளமாகப் பார்ப்பதில்லை என்று பரிசோதகர் சொல்வார். தீர்வு மலிவானது. கழுத்து லேபிளிலோ தொங்கும் அட்டையிலோ பெயரை அச்சிட்டு, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். மார்பில் என்ன இருக்கிறது என்பது அப்போது பிரச்சினையே இல்லை. டிசைனை பிரிண்டருக்கு அனுப்பும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். 300 சட்டை அச்சானபின் லேபிள் தைப்பது வீண் செலவு. கணினியில் ஒட்டி உருவாக்கிய மாதிரிப் படம் சான்றாகாது. உண்மையில் விற்பனையில் உள்ள பொருளாக இருக்க வேண்டும். கடைப்பக்கத்தின் படம் என்றால் இணைய முகவரியும் பார்த்த தேதியும் சேர்த்துத் தர வேண்டும்.

[திரையில்: சேவைப் பட்டியல். பல வரிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின்றன.]

பொருள், சேவைப் பட்டியலை எவ்வளவு நீளமாக எழுதலாம்? "எதற்கும் இருக்கட்டும்" என்று நீட்டுவது நல்லதல்ல என்பதற்கு 2023-இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். சார்லி பெர்ட்டினி என்ற ஜாஸ் டிரம்பெட் கலைஞர் 1985 முதல் 'ஆப்பிள் ஜாஸ்' என்ற பெயரில் கச்சேரிகள் நடத்திவந்தார். 2015-இல் ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் மியூசிக்' என்பதற்கு விண்ணப்பித்தது. அந்தப் பட்டியலில் நேரடி இசை நிகழ்ச்சியும் இருந்தது. பீட்டில்ஸின் நிறுவனமான ஆப்பிள் கோரிடமிருந்து வாங்கிய பழைய டிரேட்மார்க்கைக் காட்டி, தனக்கு 1968 முதலே முன்னுரிமை என்றது. அந்தப் பழைய பதிவு இசைத்தட்டுகளுக்கானது. இசைத்தட்டும் கச்சேரியும் ஒன்றல்ல, ஒன்றில் உள்ள முன்னுரிமையை மற்றொன்றுக்கு நீட்ட முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நீண்ட பட்டியலில் ஒரே ஒரு சேவைக்கு முன்னுரிமையை நிரூபித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதோடு இழுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. செய்யாத சேவையை எழுதாதீர்கள். செய்கிற சேவைக்கு எப்போது தொடங்கினீர்கள் என்ற ஆதாரத்தை, முதல் சுவரொட்டியிலிருந்து, தேதியோடு சேர்த்து வையுங்கள்.

தேடுதலுக்கு வருவோம். எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயரை மட்டும் தேடினால் போதாது. பார்க்க, கேட்க, பொருள்கொள்ள ஒத்திருந்தாலே மோதல்தான். உயிரெழுத்தை நீக்கி எழுதினாலும், எஸ்-ஐ இசட் ஆக்கினாலும் ஒலி மாறாது. பரிசோதகரும் ஏமாற மாட்டார். அமெரிக்க அலுவலகத்தின் தேடுதளம், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், ஐரோப்பாவின் டிஎம்வியூ, மூன்றும் இலவசம். அதன்பின் ஸ்ட்ரீமிங் தளங்கள், டிஸ்காக்ஸ், மியூசிக்பிரைன்ஸ் போன்ற இசைத் தகவல் தளங்கள். பதிவேட்டில் இல்லாத பழைய பயனாளருக்கும் உரிமை உண்டு என்பதால் இவற்றையும் விடக்கூடாது. ஸ்ட்ரீமிங்கில் அதே தலைப்பில் பத்து ஆல்பம் இருந்தால் பதற வேண்டாம். தலைப்புகள் தாராளமாகத் திரும்ப வரும். அதே பெயரில் ஒரு லேபிளோ பேண்டோ இருந்தால்தான் கவலை.

[திரையில்: விண்ணப்பப் படிவத்தில் 'விண்ணப்பதாரர்' என்ற கட்டம் மட்டும் ஒளிர்கிறது.]

படிவத்தில் எளிதாகத் தெரியும், ஆனால் மொத்தத்தையும் கவிழ்க்கக்கூடிய கட்டம் இதுதான்: விண்ணப்பதாரர் யார்? ஏற்கெனவே பயன்படுத்திவரும் பெயருக்கு விண்ணப்பிக்கும்போது, விண்ணப்ப நாளில் உண்மையான உரிமையாளராக இல்லாதவர் விண்ணப்பித்தால், அமெரிக்காவில் அந்த விண்ணப்பம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பிறகு பெயரை மாற்றிச் சரிசெய்ய முடியாது. பேண்டின் மேலாளர் தன் பெயரில் போடுவது, நால்வர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு டிரம்மர் தனியாகப் போடுவது, இரண்டும் அடிக்கடி நடக்கின்றன. குழு ஒரு நிறுவனமா, கூட்டாண்மையா, ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்பதை இரண்டு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் படிவத்தைத் திறங்கள். அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர் என்றால், 2019 ஆகஸ்டு முதல் அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

வேறொருவரின் பிராண்டை ஆல்பம் தலைப்பில் வைக்கலாமா? கலைப்படைப்பின் தலைப்புக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் 1989 முதல் ஒரு கவசம் தந்திருக்கின்றன: படைப்போடு தொடர்பு இருந்து, வெளிப்படையாகத் தவறாக வழிநடத்தாமல் இருந்தால் பரவாயில்லை. பார்பி பொம்மையின் பெயரைப் பாட்டில் வைத்ததற்காக அதைத் தயாரிக்கும் மாட்டெல் நிறுவனம் தொடுத்த வழக்கு 2002-இல் இப்படித்தான் தோற்றது. ஆனால் 2023-இல் ஜாக் டேனியல்ஸ் என்ற விஸ்கி நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோடு போட்டது: அந்தச் சொல்லை உங்கள் சொந்த டிரேட்மார்க்காகவே பயன்படுத்தினால் கவசம் இல்லை. அதாவது, தலைப்பாக வைத்தால் தப்பித்திருக்கக்கூடிய பெயரையே பதிவுக்கு அனுப்பி, டி-ஷர்ட்டில் போட்டு மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. உயிரோடு இருக்கும் மனிதரின் பெயர் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பதிவே கிடையாது. 2024-இல் அதையும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

[திரையில்: உலக வரைபடம்.]

இதுவரை சொன்னது பெரும்பாலும் அமெரிக்கா. டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. ஜெர்மனி எதிர்த்திசையில் போகிறது: படைப்பின் தலைப்புக்கே தனிப் பாதுகாப்பு, பதிவு தேவையில்லை, பயன்படுத்தத் தொடங்கினால் போதும். வெளியீட்டுக்கு முன்பே தலைப்புப் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டு, நியாயமான காலத்துக்குள் ஆல்பத்தைக் கொண்டுவந்தால் உரிமை அறிவிப்பு நாளிலிருந்தே கணக்காகும். சீனாவில் பொதுவாக முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. அங்கே விற்கும் எண்ணம் இருந்தால் பேண்ட் பெயரைத் தள்ளிப்போடாதீர்கள். தலைப்புக்குப் பதிப்புரிமை வாங்கிவிடலாம் என்ற யோசனை எங்கும் அதிகம் உதவாது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் தலைப்புகளைப் பதிவதில்லை; வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றமும் 2015-இல் சொல்லிவிட்டது.

ஒரு நாட்டில் விண்ணப்பித்தபின் 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போட்டால் முதல் தேதியே செல்லும். மாட்ரிட் முறை என்ற சர்வதேசப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைச் சேர்க்கலாம். ஆனால் முதல் 5 ஆண்டுக்குள், சொந்த நாட்டில் போட்ட அடிப்படை விண்ணப்பம் விழுந்தால் மற்றவையும் கூடவே விழும். தலைப்பு மறுப்பு வரக்கூடிய விண்ணப்பத்தை அடிப்படையாக வைப்பது ஆபத்து. பரிசோதனை தாண்டிய பெயரை யாரும் எதிர்க்கலாம்: அமெரிக்காவில் 30 நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம் அவகாசம்.

விண்ணப்பம் போனதும் கடிதங்கள் வரத் தொடங்கும். அரசு முத்திரை போலவே ஒன்று, "உடனே கட்டணம் செலுத்தவும்" என்று. உங்கள் முகவரி பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கிருந்து எடுக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு, அப்படி ஒரு கட்டணம் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

[திரையில்: நாள்காட்டி. 5, 6, 10 ஆகிய ஆண்டுகள் வட்டமிடப்படுகின்றன.]

பதிவு கிடைத்துவிட்டால் அமெரிக்காவில் 5-ஆம் ஆண்டுக்கும் 6-ஆம் ஆண்டுக்கும் நடுவே 'இன்னும் பயன்படுத்துகிறோம்' என்ற உறுதிமொழி தர வேண்டும், பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டூர் முடிந்து டி-ஷர்ட் விற்பனை நின்றுபோயிருந்தால் 25-ஆம் வகுப்பை அந்த உறுதிமொழியிலிருந்து நீக்கிவிடுங்கள். விற்காத பொருளை விற்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது பதிவையே கேள்விக்குள்ளாக்கும்.