மலை சரிந்த இடத்தில் ஒரு கிராமம்: ரோக்ஃபோர்

[காட்சி: வான்வழிப் படம். செங்குத்தான வெள்ளைப் பாறை, அதன் அடியில் ஒட்டினாற்போல வீடுகள்]

தெற்கு பிரான்ஸில், அவேரோன் மாவட்டத்தில் இருக்கிறது ரோக்ஃபோர்-சுர்-சூல்ஸோன். இன்று அங்கே 600 பேர்கூட இல்லை. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் 'ரோக்ஃபோர்ட்' என்று, கடைசி எழுத்தையும் சேர்த்துச் சொல்லி விற்கிறார்களே, நீலப்பச்சைக் கோடு ஓடும் அந்த சீஸ், இந்த ஊர்ச் சரக்குதான்.

சரி, பக்கத்து ஊரில் செய்தால் அது ஏன் ரோக்ஃபோர் ஆகாது? அதற்குப் பதில் சமையலறையில் இல்லை, மண்ணுக்கடியில் இருக்கிறது.

[காட்சி: லார்சாக் பீடபூமி. கல், புல், செம்மறி மந்தை]

முதலில் சுற்றுவட்டாரத்தைப் பார்ப்போம். பக்கத்தில் லார்சாக் என்ற சுண்ணாம்புக்கல் பீடபூமி. மழை பெய்யும், ஆனால் தண்ணீர் நிற்காது. விரிசல் வழியாக உள்ளே இறங்கிவிடும். அதனால் ஆடு குடிக்கவென்று கல் பாவிய, தட்டு வடிவக் குட்டைகளை மேய்ப்பர்கள் அங்கங்கே கட்டி வைத்தார்கள். இப்படிப்பட்ட பூமியில் தானியம் பெரிதாக விளையாது. காய்ந்த புல்லைத் தின்று பால் கொடுக்கும் செம்மறி ஆடுதான் பிழைப்பு. இன்றைக்கும் ரோக்ஃபோருக்கு லக்கோன் இனச் செம்மறியின் பால்தான். மாட்டுப்பால் ஒரு சொட்டும் சேரக்கூடாது.

[காட்சி: மலையின் குறுக்குவெட்டு வரைபடம்]

இப்போது ஊருக்கு மேலே நிற்கும் கொம்பலூ மலைக்கு வருவோம். மேலே கனமான சுண்ணாம்புப் பாறை, கீழே வழுக்கும் களிமண். உள்ளே இறங்கிய தண்ணீர் களிமண்ணை ஊறவைத்தது. பிடிமானம் போய், மலையின் வடக்கு விளிம்பு பெயர்ந்து சரிந்தது. வீடு பருமனுக்குப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. அந்த இடிபாட்டுக் குவியல் சுமார் 2 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். கிராமம் உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான்.

குவிந்த பாறைகளுக்கு நடுவே பொந்துகளும் நீளமான வெடிப்புகளும் உண்டு. அந்த வெடிப்புகளை உள்ளூரில் 'ஃப்ளூரின்' என்கிறார்கள். அவற்றின் வழியாக நுழையும் காற்று, ஈரப் பாறைகளை உரசிக்கொண்டு வந்து குகைக்குள் இறங்கும்போது ஜில்லென்று ஆகிவிடுகிறது. வருஷம் பூராவும் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி. ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மின்சாரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம்.

இந்த ஊர்க் குகையில் பெரிய வேலை, காற்றைக் கவனிப்பதுதான். வெடிப்பு வாயில் மரக்கதவு இருக்கும். காற்று அதிகம் என்றால் கொஞ்சம் சாத்துவார்கள், குறைந்தால் திறந்துவிடுவார்கள். கருவாலிப் பலகைகளில் சீஸ் வட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று கிலோவை ஒட்டிய எடை. உள்ளே போவதற்கு முன் ஒவ்வொன்றிலும் நீள ஊசிகளால் துளை போட்டிருப்பார்கள். காற்று புகுந்தால்தான் 'பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி' என்ற பூஞ்சை நரம்பு விட்டுப் படரும். அந்தக் காலத்தில் ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியைக் குகையில் வைத்துப் பூசணம் பிடிக்கவிட்டு, அதைப் பொடியாக்கித்தான் பூஞ்சையை எடுத்தார்கள். சீஸைத் திருப்புவது, துடைப்பது, தகட்டில் சுற்றுவது என எல்லாம் நெடுங்காலமாகப் பெண்கள் வேலை. அந்தக் குளிரில் நின்று நாள் முழுக்க உழைத்த அவர்களைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை.

[காட்சி: பழைய ஆவணம், அரச முத்திரை]

வரலாறு என்று வந்தால் எல்லோரும் சொல்வது மேய்ப்பன் கதை. ஒரு பெண்ணைப் பார்க்க ஓடிய பையன், ரொட்டியையும் தயிர்க்கட்டியையும் குகையில் மறந்துவிட்டானாம்; திரும்பி வந்து பார்த்தால் தயிர்க்கட்டி பூசணம் ஓடிய சீஸாகியிருந்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. ரோமானிய எழுத்தாளர் பிளினியையும் சாட்சிக்கு இழுப்பார்கள். அவர் இந்தப் பக்கத்து மலைநாட்டுச் சீஸைப் பாராட்டினார், உண்மை. ஆனால் ரோக்ஃபோர் என்ற பெயரைச் சொல்லவில்லை.

கெட்டியான சாட்சி 1411-இல் கிடைக்கிறது. சீஸைப் பதப்படுத்தும் தனி உரிமையை மன்னர் ஆறாம் சார்லஸ் இந்த ஊர்க்காரர்களுக்கே கொடுத்தார். 1666-இல் துலூஸ் உயர் நீதிமன்றம், போலியாகப் பெயர் போட்டு விற்பவர்களுக்குத் தண்டனை விதித்தது. 1925-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. பிறப்பிடப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் பிரெஞ்சு சீஸ் இதுதான். 1961-இல் வந்த மியோ நகர நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் கறார்: செய்முறை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், கொம்பலூ மலையின் இயற்கைக் குகைகளில் பக்குவப்பட்டால்தான் அந்தப் பெயர். மலை எங்கே சரிந்ததோ அதுவே எல்லைக்கோடு ஆகிவிட்டது.

[காட்சி: 1999, லார்சாக் விவசாயிகள், டிராக்டர்கள்]

அப்புறம் 1999. ஹார்மோன் போட்டு வளர்த்த அமெரிக்க மாட்டிறைச்சியை ஐரோப்பா ஏற்க மறுத்தது. பதிலுக்கு அமெரிக்கா, ரோக்ஃபோர் உட்படச் சில பொருட்களுக்கு 100 சதவீதம் வரி போட்டது. மாட்டுச் சண்டையில் அடி வாங்கியது ஆட்டுக்காரர்கள்! அதற்கு எதிர்ப்பாக, ஆகஸ்டில் ஜோசே போவே என்ற ஆடு வளர்ப்பவரும் தோழர்களும் மியோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டார்கள். போவே சிறைக்கும் போனார். லார்சாக்காரர்களுக்குப் போராட்டம் புதிதல்ல. ராணுவ முகாமை விரிவாக்க நிலம் கேட்ட அரசை எதிர்த்து 1971 முதல் 1981 வரை பத்து வருஷம் நின்று, ஜெயித்தவர்கள் அவர்கள்.

இன்று பால் கறப்பது பல மாவட்டங்களில். சீஸ் உருட்டுவதும் வேறு ஊர்களில் நடக்கலாம். ஆனால் குறைந்தது 14 நாளாவது அது இந்தக் குகைகளில் இருந்தாக வேண்டும். மொத்தப் பக்குவகாலம் 90 நாளுக்குக் குறையக்கூடாது.

பக்கத்துத் தார்ன் பள்ளத்தாக்கிலும் இதேபோல வெடிப்புக் காற்று வீசும் குகைகள் உண்டு. அங்கேயும் நீல நரம்போடிய சீஸ் பக்குவப்படுகிறது, மாட்டுப்பாலில். விலை குறைவு, சுவையும் மோசமில்லை. அதற்குப் பெயர் 'ப்ளூ தே கோஸ்'. ரோக்ஃபோர் என்று எழுதினால் வழக்குதான்.