கடல் கடக்க வைத்தது பொருளாசையே

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியரைக் கடல் கடக்க வைத்தது அறிவுத் தாகமா, பொருளாசையா என்பது இன்றைய தலைப்பு. பொருளாசையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் போர்ச்சுகல் இளவரசர் ஹென்றியை மாலுமிகளின் ஆசான் என்றார். கொலம்பஸை உலகின் உருவத்தை அறியத் துடித்தவர் என்றார். அந்நிலங்களின் மக்களுக்குப் பின்னர் நேர்ந்த பேரழிவை அம்மை நோயின் தலையில் சுமத்திவிட்டு அமர்ந்தார். மூன்றையும் நான் மறுக்கிறேன்.

ஒருவர் எதற்காகப் புறப்பட்டார் என்பதை அறிய வேண்டுமானால், புறப்படும் முன் அவர் என்ன எழுதி வாங்கினார் என்று பார்ப்பதே நேர்வழி. கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து பாய் விரித்தது 1492 ஆகஸ்ட் 3. அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்பே, ஏப்ரல் 17 அன்று, சாந்தா ஃபே என்ற ஊரில் ஸ்பெயின் அரசரோடும் அரசியோடும் அவர் ஓர் ஒப்பந்தம் முடித்துக்கொண்டார். கண்டறியும் நிலங்களில் கிடைக்கும் முத்து, மணி, பொன், வெள்ளி, நறுமணப் பொருள்கள் அனைத்திலும், செலவு போக, பத்தில் ஒரு பங்கு அவருக்கு. கடற்படைத் தலைவர் பட்டம் அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். அந்நிலங்களை ஆளும் அதிகாரமும் அவருக்கே. இன்னும் கண்ணால் காணாத மண்ணில் வாழும் மக்களுக்கு ஆளுநரையும், அவர்கள் உடைமைக்குப் பங்குதாரரையும் முன்கூட்டியே நியமித்துவிட்ட ஒரு பயணத்தை அறிவுத் தேடல் என்று எப்படி அழைப்பது?

ஹென்றிக்கு வருகிறேன். 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் ஊரில், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பிடிக்கப்பட்ட 235 பேரைக் கப்பல்களிலிருந்து இறக்கித் திடலில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். பங்கு சமமாக வர வேண்டும் என்பதற்காகத் தந்தையை ஒரு கூட்டத்திலும் மகனை இன்னொன்றிலும் நிறுத்தினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை மார்போடு அணைத்துத் தரையில் விழுந்து கிடந்தார்கள். இதை எழுதியவர் எதிரி நாட்டார் அல்லர். ஹென்றியைப் போற்றிய அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே எழுதி வைத்திருக்கிறார். குதிரை மீதமர்ந்திருந்த இளவரசருக்கு உரிய ஐந்திலொரு பங்காக 46 மனிதர்கள் சேர்ந்தார்கள் என்பதையும் அவரே குறித்திருக்கிறார்.

வரைபடங்களை எதிரணியினர் பெருமையோடு எடுத்துக் காட்டினார்கள். அவற்றின் நேர்த்தியை நானும் வியக்கிறேன். ஆனால் லிஸ்பனில் அந்த வரைபடங்கள் அரசின் வணிக இரகசியங்களாகவே காக்கப்பட்டன. 1502-இல் அப்படியொரு வரைபடத்தின் நகலை இத்தாலியின் ஃபெராரா நகரக் கோமகனுக்காக அவருடைய முகவர் காண்டினோ பொன் நாணயம் கொடுத்து மறைவாகத்தான் பெற முடிந்தது. அறிவுக்காகவே தேடியிருந்தால் அந்த அறிவை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

மிளகாயும் உருளைக்கிழங்கும் நமக்கு வந்தது இந்தப் பயணங்களால்தானே என்றும் கேட்டார்கள். உண்மைதான், மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாது. ஆயினும் கொலம்பஸ் தேடிப் போனது மிளகை, கண்டது மிளகாயை. எதிர்பாராமல் விளைந்த நன்மையைப் பின்னோக்கி எடுத்துச் சென்று நோக்கத்தின் இடத்தில் வைப்பது முறையான வாதம் ஆகாது.

இனி விளைவு. நடுவர் அவர்களே, ஒரு சிறு மணியை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன். வேட்டைப் பருந்தின் காலில் கட்டும், விரல்நுனி அளவேயான மணி அது. 1492 அக்டோபரில் கரையிறங்கிய கொலம்பஸின் ஆட்கள் கண்ணாடி மணிகளோடு இந்தப் பருந்து மணிகளையும் தீவு மக்களுக்குக் கொடுத்தார்கள். அதன் ஓசையில் அவர்கள் மகிழ்ந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவின் சிபாவோ பகுதியில், அதே மணி வரி அளக்கும் படியாக மாறியது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அந்த மணி நிறையப் பொன்துகள் கொண்டுவந்து கொட்ட வேண்டும். கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆற்றுமணலை அரித்துச் சேர்க்கும் பொன் அவ்வளவு கிடைக்காது என்று தெரிந்தும் வரி கேட்டார்கள். தோட்டத்தை விட்டுவிட்டு ஆற்றில் நின்ற மக்களைப் பஞ்சம் பிடித்தது. மலைக்கு ஓடியவர்களைத் துரத்திப் பிடித்தார்கள். அதே 1495-இல் சுமார் 550 பேர் அடிமைகளாக ஸ்பெயினுக்கு ஏற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 200 பேர் வழியிலேயே இறந்து கடலில் வீசப்பட்டார்கள்.

அம்மை கொன்றதே என்கிறார்கள். கொன்றது; யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஹிஸ்பானியோலாவில் பெரியம்மை பரவியது 1518 இறுதியில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1514-இல், ஸ்பானியர்களுக்கு வேலையாட்களாகப் பங்கிடுவதற்கென்று கணக்கெடுத்தபோதே தீவு மக்கள் 30,000-க்கும் குறைவு. கொலம்பஸ் வந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் வேறுபட்டாலும், பல இலட்சம் என்பாரே மிகுதி. அம்மை வரும்போது சுரங்கமும் பசியும் தம் வேலையைப் பெரும்பாலும் முடித்திருந்தன.

1511-இல் அதே தீவின் சாந்தோ தொமிங்கோ நகரில் மொந்தேசினோஸ் என்ற ஸ்பானியத் துறவி பிரசங்க மேடையில் நின்று, ‘இவர்கள் மனிதர்கள் இல்லையா?’ என்று தம் இனத்தாரையே கேட்டார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் குரலை நான் வணங்குகிறேன். அரசர் ஃபெர்டினாந்து அவரையும் அவருடைய சபையாரையும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

கொலம்பஸ் இறந்த பின் அவர் குடும்பத்தார் அரசின் மீது வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். அந்த வழக்கு எந்தக் கண்டுபிடிப்பின் புகழுக்காகவும் நடக்கவில்லை. சாந்தா ஃபேயில் எழுதி வாங்கிய பதவிகளுக்கும் பங்குக்குமாக நடந்தது. 1536-இல் ஆண்டுக்கு 10,000 டுக்காட் (பொன் நாணயம்) வருமானமும் ஜமைக்காத் தீவும் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். அந்த ஆண்டில், சிபாவோ ஆற்றங்கரைகளில் வில்லை கட்டிய கழுத்தோடு பொன் அரித்த மக்களில் மிகச் சிலரே உயிரோடு இருந்தார்கள்.