வெர்னர் வெக்மான்: கொடியில்லாம வாங்கின தங்கம்

ஒருத்தர் கேட்டிருக்கார்: "1908-ல பின்லாந்து ரஷ்யாவுக்குக் கீழதானே இருந்தது? மல்யுத்த வீரர் வெர்னர் வெக்மான் வாங்கின தங்கம் எப்படி பின்லாந்து கணக்குல வந்தது? அவர் நோக்கியா தலைவரா இருந்தாராமே?"

பின்லாந்து ஜார் ஆட்சிக்குக் கீழதான் இருந்தது. ஆனா தனி நாடாளுமன்றம், மார்க்கான்னு தனி நாணயம் எல்லாம் உண்டு. 1907-ல தனி ஒலிம்பிக் குழுவும் அமைச்சுட்டாங்க. அதனால 1908 லண்டன் ஒலிம்பிக்ல தனி அணி. கொடியிலதான் தகராறு வந்தது. ரஷ்யக் கொடிக்குப் பின்னால நடக்கச் சொன்னாங்க. இவங்க கொடியே இல்லாம அணிவகுத்துப் போனாங்க.

வெக்மான் இறங்கினது கிரேக்க-ரோமன் முறையில, 93 கிலோ பிரிவு. அதுல இடுப்புக்குக் கீழ பிடிக்கக் கூடாது, கால் போட்டு இடறவும் கூடாது. கை, தோள், முதுகு பலத்தை மட்டும் நம்பி ஆளைத் தூக்கிப் புரட்டணும். ரெண்டு தோளும் சேர்ந்து விரிப்புல அழுந்தினா தோல்வி. இறுதிப் போட்டியில மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிக்கணும். எதிர்ல நின்னவர் யிர்யோ சாரெலா, அவரும் பின்லாந்துக்காரர்தான்! முதல் ஆட்டம் வெக்மானுக்கு, அடுத்தது சாரெலாவுக்கு, மூணாவது திரும்ப வெக்மானுக்கு. கொடி மறுக்கப்பட்ட நாட்டுக்குத் தங்கமும் வெள்ளியும் ஒண்ணா வந்துச்சு. எனக்கு இது சாதாரண வெற்றியாத் தெரியலை.

1906 ஏதென்ஸ்லயும் அவர் ஜெயிச்சவர். அந்தப் போட்டியை ஒலிம்பிக் கமிட்டி இப்போ கணக்குல சேர்க்கறதில்லை. பட்டியலுக்குப் பட்டியல் அவரோட தங்க எண்ணிக்கை மாறுறதுக்குக் காரணம் இதுதான்.

அப்புறம் பொறியாளரா ரஷ்யாவுல, யூரல் மலைப் பக்கம் வேலை. புரட்சி நடந்தப்போவும் அங்கேதான். 1921-ல திரும்பி வந்து பின்லாந்து கேபிள் தொழிற்சாலையில தொழில்நுட்ப இயக்குநர் ஆனார், 1937-ல தலைவர். சோவியத்தோட நடந்த போர் முடிஞ்சதும் பின்லாந்து மேல 30 கோடி டாலர் இழப்பீடு விழுந்தது. அதைப் பணமாக் கட்டலை, சரக்காக் கட்டினாங்க: கப்பல், எந்திரம், கேபிள். 1952-ல கடைசித் தவணை போற வரைக்கும் கேபிள் தொழிற்சாலையை நடத்தினது இவர்தான்.

1955-ல ஓய்வு. அந்தத் தொழிற்சாலை, ரப்பர் தொழிற்சாலை, பழைய நோக்கியா மூணும் ஒண்ணாச் சேர்ந்தது 1967-ல. அதனால நோக்கியா தலைவர்னு சொல்றது தப்பு. நோக்கியாவோட கலந்த கேபிள் கம்பெனிக்குத் தலைவர்னு சொல்லுங்க.