சவ்வைத் தாண்டாத வரை

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு நோயியல் மருத்துவர். ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனாலும் நீங்கள் பார்க்காத டாக்டர். நாக்கிலிருந்தோ மார்பிலிருந்தோ கொஞ்சம் சதையை எடுத்து, "பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கோம், ரிப்போர்ட் வர நாலஞ்சு நாளாகும்" என்று சொல்கிறார்களே, அந்தச் சதை வந்து சேர்வது எங்கள் மேஜைக்கு. நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. அவருடைய திசு தெரியும்.

ஆனாலும் செம்பூரிலோ தாராவியிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், நான் என்ன டாக்டர் என்று தெரிந்ததும் யாராவது ஓர் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார்: "டாக்டரம்மா, கத்தி பட்டா புத்து பரவிருமாமே, நெசமா?" இன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரத்தில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். 'பரவாது' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் உறுப்புகள் எத்தனையோ. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாமே நாலு வகைத் திசுக்கள் கலந்து கட்டியவைதான். தோலின் மேல்பகுதி, வாயின் உட்புறம், குடலின் உள்பூச்சு, பால் சுரப்பிகளின் குழாய்கள் எல்லாம் எபிதீலியம் என்கிற மூடுதிசு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, நார், இவை இணைப்புத் திசு. ரத்தத்தையும் இதில்தான் சேர்க்கிறோம், முதல் வருஷ மாணவர்களுக்கு அது எப்போதுமே விசித்திரமாக இருக்கும். சுருங்கி விரிவது தசைத் திசு. செய்தி கொண்டுபோவது நரம்புத் திசு.

இவற்றில் எது எவ்வளவு வேகமாகப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். குடலின் உள்பூச்சு நாலைந்து நாளில் புதிதாகிவிடும். தோலின் மேல்பகுதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம். சிவப்பணுக்களுக்கு ஆயுள் 120 நாள். இதயத் தசைச் செல்களோ வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுகூட மாறுவதில்லை. 'இதயத்தில் புற்று' என்று நீங்கள் கேள்விப்பட்டதே இருக்காது. அதற்கு இது ஒரு பெரிய காரணம். எங்கே செல்கள் ஓயாமல் பிரிகின்றனவோ, எங்கே வெளியிலிருந்து வரும் புகை, ரசாயனம், கிருமி எல்லாம் முதலில் படுகின்றனவோ, அங்கேதான் புற்று அதிகம் பிறக்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் பத்துக்கு எட்டுக்கும் மேலானவை எபிதீலியத்தில் தொடங்குபவை. அவற்றைக் கார்சினோமா என்போம். எலும்பு, நார், கொழுப்பு போன்றவற்றில் வந்தால் சார்கோமா. ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜையில் வந்தால் லுகேமியா. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும். எந்த உறுப்பு என்பதோடு எந்தத் திசு என்பதும் தெரிந்தால்தான் என்ன மருந்து என்று முடிவு செய்ய முடியும்.

ஒரு செல் இரண்டாகும்போது அதன் டி.என்.ஏ.வில் இருக்கும் சுமார் 600 கோடி எழுத்துகளும் படியெடுக்கப்பட வேண்டும். பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திவிடும். திருத்த முடியாவிட்டால், பி53 என்ற மரபணு அந்தச் செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும், இல்லையென்றால் சாகவைக்கும். அந்த பி53யே பழுதாகி, வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களும் கெட்டு, இப்படிப் பல பழுதுகள் ஒரே செல்வரிசையில் சேர்ந்தால்தான் புற்று. இதற்கு வருஷக்கணக்கில் ஆகும், பல சமயம் பத்து இருபது வருஷம். இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை வாழும் காலத்தில் சேர்பவை. பெற்றோரிடமிருந்து நேரடியாக வரும் புற்று நூற்றில் 5 முதல் 10 தான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் புற்று தொற்றாது. புற்று வந்த மாமியாருக்குத் தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

இனி நான் மைக்ராஸ்கோப்பில் முதலில் தேடும் விஷயத்துக்கு வருகிறேன். எபிதீலியத்துக்கு அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய படலம் உண்டு. மே மாதக் கடைசியில் தாராவிக் கூரைகளின் மேல் நீலத் தார்ப்பாய் விரிப்போமே, அந்த மாதிரி. மெல்லியதுதான், ஆனால் அது கிழியாத வரை மழை வீட்டுக்குள் வராது. எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது, திசுக்களில் ஊறும் நீரைத் திரும்பக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாயும் கிடையாது. எல்லாம் சவ்வுக்குக் கீழேதான். ஆகவே, கெட்டுப்போன செல்கள் எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும், சவ்வுக்கு மேலேயே இருக்கும் வரை அவற்றுக்குப் பயணம் போக வழியில்லை. அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. சவ்வை அரித்துக் கீழே இறங்கிய பிறகுதான் அது நிணநீர் வழியாகக் கழுத்துக்கோ அக்குளுக்கோ போகிறது, ரத்தம் வழியாக நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் போகிறது. புற்று பரவுவது இப்படி. கத்தியால் இல்லை.

மும்பையில் இதை விளக்க வாயைவிட நல்ல இடம் இல்லை. தம்பாக்கு, கைனி, மாவா, பல் தேய்க்கும் மிஷ்ரி, நம் பாட்டிமார் கொண்டுவந்த வெற்றிலை பாக்கு புகையிலை, எல்லாம் இந்த ஊரில் கலந்துவிட்டன. பாக்கும் புகையிலையும் கலந்து பாக்கெட்டில் வரும் குட்காவை மகாராஷ்டிரம் 2012ல் தடை செய்தது. பான் மசாலாவைத் தனியாகவும் புகையிலையைத் தனியாகவும் வாங்கிக் கலந்துகொள்வது எப்படி என்று பெட்டிக்கடை வாசலில் நிற்கும் பையன்களுக்கு நன்றாகவே தெரியும். "நான் புகையிலை போடுறதில்ல டாக்டர், வெறும் சுபாரிதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. சுபாரி என்பது பாக்குதான். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004லேயே அறிவித்துவிட்டது.

பாக்கு செய்யும் வேலை தனி. அதிலுள்ள அரிகோலின் என்ற ரசாயனம் கன்னத்தின் உட்பக்கத்தில் சவ்வுக்குக் கீழே இருக்கும் இணைப்புத் திசுவைத் தூண்டிவிட்டு, கொலாஜன் நாரைத் தேவைக்குமேல் உற்பத்தி செய்ய வைக்கிறது. கன்னம் விறைத்துப் போகும். காரம் பட்டால் எரியும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். இருபத்தைந்து வயதுப் பையன் பானிபூரி வாய்க்குள் போகவில்லை என்று டாக்டரிடம் வருவான், இது இந்த ஊர்ப் பல் மருத்துவர்களுக்கு அன்றாடம். உங்கள் மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால், பாக்குப் பழக்கமும் இருந்தால், காட்ட வேண்டும். அந்த நாரெல்லாம் திரும்பப் பழையபடி ஆகாது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அந்த விறைப்பின் மேலே இருக்கும் எபிதீலியம் பின்னாளில் புற்றாக மாறலாம்.

அதே போல, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவற்றையும் காட்ட வேண்டும். மூன்று வாரம் என்பது பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மூன்று மாதம் காத்திருப்பதற்கான அனுமதி அல்ல. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். வலி இல்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் புற்று பெரும்பாலும் வலிக்காது.

வாய்ப்புற்று சிறியதாக இருந்து, கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படாவிட்டாலும், கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுக்க வேண்டுமா என்பதில் உலகெங்கும் சர்ஜன்களுக்குள் வெகுநாள் சண்டை இருந்தது. பரேலில் 1941ல் தொடங்கிய நம் டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2015ல் முடிவைச் சொன்னது. முதலிலேயே கழுத்தையும் சேர்த்து ஆபரேஷன் செய்தவர்களில் மூன்று வருஷத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி வந்தால் மட்டும் கழுத்தில் செய்யலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். முடிச்சுக்குள் ஒளிந்திருக்கும் சில செல்களை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. "நாக்கில்தானே புண்ணு, கழுத்த எதுக்கு வெட்டுனாங்க" என்று கோபப்படுபவர்களுக்கு என் பதில் இந்த எண்கள்தான்.

பெண்களுக்கு ஒரு விஷயம். கர்ப்பப்பை வாய்ப்புற்றுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ், அதில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பங்குக்குப் பொறுப்பு. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்குப் பரிசோதனை. இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து டாட்டா மருத்துவமனை ஓர் ஆய்வு செய்தது. பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்கச் சொன்னார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய செல்களில் உட்கரு பெரிதாகி நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அவ்வளவுதான் பரிசோதனை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2013ல் வந்த முடிவு: அந்தப் புற்றால் வரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. சவ்வைத் தாண்டாத நிலையில் பிடித்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ வழித்தோ எடுத்துவிடலாம், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

சரி, அத்தையின் கேள்விக்கு வருகிறேன். பயாப்ஸி எடுத்த சில மாதத்தில் ஒருவர் இறந்துபோனால், பயாப்ஸியால் இறந்தார் என்று பேச்சு கிளம்புகிறது. அவர் வரும்போதே கட்டி சவ்வைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். ரிப்போர்ட் அதைச் சொன்னது, அவ்வளவே. விதைப்பைக் கட்டி போல ஒன்றிரண்டு இடங்களில் ஊசி குத்தாமல் முழுதாகவே எடுப்போம். அது சர்ஜனுக்குத் தெரியும். மற்றபடி, பயாப்ஸி இல்லாமல் புற்றுக்கு மருந்து தொடங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சையிலும் அதே திசுக் கணக்குதான். ஆபரேஷனில் கட்டியைச் சுற்றி நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். ஓரத்தில் புற்றுச் செல் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. கதிர்வீச்சு டி.என்.ஏ.வை உடைக்கிறது. ஐந்தாறு வாரம் தினமும் ஏன் வரச் சொல்கிறார்கள் என்றால், நல்ல செல்கள் இடைவேளையில் பழுது பார்த்துக்கொள்ளும், புற்றுச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அந்தக் கருவிகளில் பாபாட்ரான் என்ற கோபால்ட் எந்திரம் நம் ட்ராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவானது. அணுசக்தி நகர்த் தமிழர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

கீமோ வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைக்கிறது. அதனால்தான் புற்றோடு சேர்ந்து முடிவேர், வாய், குடல், மஜ்ஜை நான்கும் அடிவாங்குகின்றன. முடி திரும்ப வளரும். மஜ்ஜை விஷயத்தில்தான் கவனம் வேண்டும்: மருந்து ஏற்றி ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளையணு குறைந்திருக்கும்போது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், கஷாயம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பவாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி 2023ல் அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நோயாளியின் வெள்ளையணுவையே எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, திரும்பச் செலுத்துவது. சில வகை ரத்தப்புற்று, நிணநீர்ப் புற்றுக்குத்தான். வாய்ப்புற்றுக்கும் மார்புப் புற்றுக்கும் அல்ல. அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, எங்கள் லேப் சம்பந்தமான ஒரு விஷயம். உங்கள் திசு, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் என்ற திரவத்தில் ஊறி, மெழுகுக் கட்டிக்குள் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் 250ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவப்பட்டுத்தான் எங்களிடம் ஸ்லைடாக வருகிறது. சின்ன நர்ஸிங் ஹோம்களிலிருந்து சில சமயம் சலைனில், அதாவது வெறும் உப்புநீரில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வந்து சேரும்போது செல் எல்லாம் அழுகியிருக்கும், திரும்ப வெட்ட வேண்டியதுதான். ஆகவே டப்பாவை நீங்களே லேபுக்கு எடுத்துப் போனால், உள்ளே ஃபார்மலின்தானா என்று கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்கு ஊருக்குப் போய் அடையாறிலோ வேலூரிலோ பார்க்கப் போகிறீர்கள் என்றால், காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேளுங்கள், எழுதிக் கொடுத்தால் தருவார்கள். அது கையில் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது தடவை சதை வெட்ட வேண்டியிருக்காது. வெயிலில் வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.

வணக்கம்.