அடுக்குக் கட்டணமும் ஒரே மீட்டரை நம்பியிருக்கும் ஐந்து குடித்தனங்களும்

அவையோர்க்கு வணக்கம். குடிநீரைக் குறைவாகச் செலவிடுபவருக்குக் குறைந்த விலை, செலவு கூடக்கூட விலையும் ஏறும் என்ற அடுக்குக் கட்டண முறையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அதை வகுக்கும்போது விலையைப் பற்றி நாட்கணக்கில் விவாதிக்கிறோமே தவிர, முதல் அடுக்கு எத்தனை லிட்டரில் முடிகிறது, அந்த அளவு எத்தனை பேருக்கு என்ற கேள்வியை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். ஏழைக்கு நன்மையோ தீமையோ அந்த இடத்தில்தான் விளைகிறது.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் காவிரி நீர், தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுணி என மூன்று நீரேற்று நிலையங்களின் வழியே ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறித்தான் அந்த நகரத்துக்குள் நுழைகிறது. அவ்வளவு மின்சாரத்தைச் செலவழித்து ஏற்றிய தண்ணீரைப் புல்தரைக்குப் பாய்ச்சுபவரும் உலை வைக்க எடுப்பவரும் ஒரே விலை கொடுப்பது முறையாகாது. 2014இல் அங்கே வீடுகளுக்கு விதித்த கட்டணம், ஆயிரம் லிட்டருக்கு, முதல் 8 ஆயிரம் லிட்டர் வரை 7 ரூபாய், 25 ஆயிரம் வரை 11, 50 ஆயிரம் வரை 26, அதற்கு மேல் 45 ரூபாய்.

மாதம் 15 ஆயிரம் லிட்டர் செலவிடும் ஒரு குடும்பத்துக்கு இந்த விகிதத்தில் தண்ணீருக்கு மட்டும் 133 ரூபாய் ஆகும். அதே அளவு செலவிடும் ஐந்து குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனமாக, ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரே மீட்டர் என்று வாழ்வதாக வைத்துக்கொள்ளுங்கள். குடித்தனங்களை எண்ணாமல் இதே அடுக்கைப் பொருத்தினால், 75 ஆயிரம் லிட்டருக்கு 2,018 ரூபாய் வரும். வீட்டுக்கு 403 ரூபாய்க்கும் மேல். ஒரு குடம்கூடக் கூடுதலாக எடுக்காதவர்கள், குழாயைப் பகிர்ந்துகொண்ட ஒரே காரணத்தால் மும்மடங்கு கொடுக்கிறார்கள். ஏழையைக் காக்க வந்த அடுக்கு ஏழையின் மேலேயே சரிகிறது.

இது நம் நாட்டுச் சிக்கல் மட்டுமன்று. தென்னாப்பிரிக்கா 2001இல் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 6 ஆயிரம் லிட்டர் இலவசம் என்று அறிவித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர், முப்பது நாள் என்ற கணக்கு அது. ஜோகன்னஸ்பர்க் அருகே சோவெட்டோவின் ஃபிரி பகுதியில், ஒரே மனையில் முன்வீட்டாரும் கொல்லைக் குடிசைகளில் குடியிருப்போரும் சேர்ந்து வாழ, முன்பணம் செலுத்தும் மீட்டர் இலவச அளவு முடிந்ததும் தானாக மூடிக்கொண்டது. மாதம் முடியுமுன்பே குழாய் வறண்டது. மசிபுகோ வழக்கு எனப்படும் அவர்களது வழக்கில், 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் நகராட்சியின் கொள்கை நியாயமானதே என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு மனையிலும் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது நிர்வாகத்துக்குக் கடினம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடினம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

தலைகளை எண்ணுவது கடினம் என்றாலும் அடுப்புகளை எண்ணலாம். ஒரு மீட்டரில் ஐந்து குடித்தனம் என்றால், மொத்த அளவை ஐந்தால் வகுத்து, ஒரு பங்குக்கு உரிய கட்டணத்தைக் கண்டு, அதை ஐந்தால் பெருக்கினால் போதும். மேலே சொன்ன முற்றத்தின் 2,018 ரூபாய் 665 ரூபாயாக இறங்கிவிடும். குடிநீர் வாரியத்துக்கு வரும் இழப்பை, தனி வீட்டில் 50 ஆயிரம் லிட்டரைத் தாண்டுபவரின் விலையில் ஈடுகட்டலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். மாதந்தோறும் அந்த முற்றத்துக்குள் வந்து, குனிந்து, கண்ணாடியைத் துடைத்து எண்ணைக் குறிக்கும் மீட்டர் பணியாளரின் பதிவேட்டில் குடித்தனங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.